சூளபந்தகர்

நமக்கு அறிவு மட்டோ, அஃது இனியும் வளருமோ என்று ஏங்கும் அன்பர்களுக்காகச் சூளபந்தகர் சரிதத்தை ஈண்டு எழுதுகின்றோம்.

இராசகிருகத்துச் செல்வரின் மகள் தன் வீட்டு அடிமையுடன் ஊரைவிட்டு ஓடினாள். பிள்ளைகள் இருவரும் வழியிடையே பிறந்தமையால் பந்தகர் எனப்பட்டனர். மூத்தவர் மகாபந்தகர் துறவு பூண்டு அருகத நிலை எய்தி, இளையவரையும் சங்கத்திற் சேர்த்தார். இளையவருக்கோ நான்கு மாதமாகியும் ஒரே காதை மனத்தில் நிற்கவில்லை. பின்னடியைக் கற்கையில் முன்னடி மறந்துபோம். இவருக்குத் துறவு பயன்படாது எனக் கருதிய தமையனார் விகாரையை விட்டு நீங்கப் பணித்தார். மருத்துவர் சீவகர் இட்ட விருந்திலும் இவரைச் சேர்த்திலர். அருகதரும் உடன்பிறந்தானை அளவிடுவதில் பிழைத்தார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

விடியலில் வெளியேற நின்றவரைப் பகவர் தடுத்தார். மீண்டும் காதை கற்பித்தாரல்லர். தூய வெண்துணி ஒன்றை அளித்து, கிழக்கு நோக்கி அமர்ந்து, அழுக்கு நீங்குக எனச் சொல்லிக்கொண்டே அதனைத் தேய்க்குமாறு கூறினார். தேய்க்கத் தேய்க்கத் துணி கறுத்தது. உடல் பட்டு வெண்மை மாறியதைக் கண்டவர், தோன்றியன யாவும் மாறும் என உணர்ந்தார். ஆசையும் வெகுளியும் மயக்கமுமே அழுக்கெனத் தெளிந்து அன்றே அருகதரானார்.

சீவகர் இல்லத்தில், அவரை அழைத்து வரும் வரையில் பகவர் விருந்தைத் தொடங்கவில்லை. உண்டு முடிந்தபின் அறவுரை ஆற்றுமாறு பணிக்கப்பட்டவரும் சூளபந்தகரே.