டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி அம்மையார் சரிதம்

பொருள் தேடிக் கடல் கடத்தல் நம் நாட்டார்க்குப் பழைய வழக்கு. கல்வி தேடிக் கடல் கடத்தலோ பிற்காலத்தே தோன்றியது. அங்ஙனம் சென்று பட்டம் பெற்றாரைப் புகழும் நாம், அவர்க்கு அந்நிய நாட்டில் உண்டியும் உறையுளும் அன்பும் அளித்த இல்லத்தாரை எண்ணுவதில்லை. மாணவர் ஒருவரும் அவரை ஏற்ற இல்லம் ஒன்றும் சேர்ந்து செய்த ஓர் அருஞ்செயலை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ஆனந்திபாய் அம்மையார் 1865-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் நாள் மகாராஷ்டிர பிராமண குலத்தில் பிறந்தார். பிறந்தகத்தார் இட்ட பெயர் யமுனா என்பது. ஒன்பதாம் வயதில் கோபாலராவ் ஜோஷி என்பார்க்கு இவரை மணம் முடித்தனர். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்த கோபாலராவ், மனைவியினும் ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்தவர், மனைவியை இழந்தவர். ஆயினும் பெண்கல்வியில் பெருவேட்கை உடையவராதலின், மணந்த சிறுமிக்குத் தாமே ஆசிரியராய் அமர்ந்து எழுத்தும் மொழியும் பயிற்றினார்.

பதினான்காம் வயதளவில் அம்மையார் ஓர் ஆண்மகவை ஈன்றார். அம்மகவு பத்து நாள் மட்டுமே உயிர்வாழ்ந்தது. தக்க வைத்தியம் கிட்டாமையே அதற்குக் காரணம் என அவர் நெஞ்சு நொந்தார். ஆண் வைத்தியரிடம் நோயுரைக்க நாணி உயிர்விடும் மாதர் நாடெங்கும் உள்ளமையையும் கண்டார். தாமே வைத்தியம் கற்றல் வேண்டும் என்னும் உறுதி அத்துன்பத்தினின்று பிறந்தது.

1880-இல் கோபாலராவ், தம் மனைவியின் கல்விக்கு உதவி வேண்டி வைல்டர் என்னும் அமெரிக்கப் பாதிரியார்க்கு ஒரு கடிதம் விடுத்தார். அது அவர் நடத்திய பத்திரிகையில் வெளியாயிற்று. நியூஜெர்ஸி நாட்டு ரோஸெல் என்னும் ஊரில் வாழ்ந்த தியோடீசியா கார்ப்பென்டர் என்னும் இல்லறத்தாள், பல்வைத்தியர் மனையில் காத்திருந்த பொழுது தற்செயலாய் அதனைப் படித்தாள். முன்பின் அறியாத ஒரு பெண்ணின் கல்விவேட்கை அவள் உள்ளத்தைத் தொட்டது. உடனே கடிதம் எழுதினாள். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரவு நாளடைவில் உறவாய் முதிர்ந்தது. அம்மையார் அவளை ஆங்கில முறைப்படி உறவுப்பெயரிட்டு அழைத்தார். அத்தைக்கும் சிற்றன்னைக்கும் ஆங்கிலர் வழங்குவது ஒரே சொல். இவர்தம் அன்பை நோக்கின், சிற்றன்னை என்றலே பொருந்தும். அம்மையார் தேக அசௌக்கியம் உற்றதறிந்து, கார்ப்பென்டர் அம்மை அமெரிக்காவினின்று மருந்தும் அனுப்பினாள்.

இந்துப் பெண் கடல் கடத்தலைக் குலத்தார் பலர் கடிந்தனர். சாதிக்குப் புறம்பாக்குவர் என்ற அச்சமும் எழுந்தது. 1883 பிப்ரவரி 24-ஆம் நாள் ஸ்ரீராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் அம்மையார் அவைமுன் நின்று தம் காரணங்களை விளக்கினார். இந்திய மாதர்க்கு மாதர் வைத்தியர் வேண்டும் என்றும், இந்நாட்டில் கிடைக்கும் பயிற்சி தம் நோக்கத்திற்குப் போதாது என்றும், இந்துவாய்ச் சென்று இந்துவாகவே மீள்வேன் என்றும் கூறினார். அப்பொழுது அவர்க்கு வயது பதினேழு.

அவ்வாண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், கணவரைப் பிரிந்து கல்கத்தாவில் கப்பலேறினார். ஜூன் 4-ஆம் நாள் நியூயார்க்கு சேர்ந்தார். கார்ப்பென்டர் அம்மை எதிர்கொண்டு ரோஸெலுக்கு அழைத்துச் சென்றாள். கடிதத்தில் மட்டுமே கண்ட உறவினர் ஒரு கூரையின்கீழ் வாழலாயினர். அம்மையார் சேலையுடுத்தலையும் மரக்கறி உணவையும் விட்டிலர். மதம் மாறினாலன்றி இடமில்லை என்று அக்கிறிஸ்தவ இல்லம் நிபந்தனை விதித்ததும் இல்லை. ஒருவர் ஒழுக்கத்தை மற்றவர் மதித்து வாழ்ந்தமையே அவ்வுறவின் உயிர்நிலை.

1850-இல் நிறுவப்பெற்ற பிலடெல்பியா மாதர் வைத்தியக் கல்லூரியில் அம்மையார் 1883-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சேர்ந்தார். கல்லூரித் தலைவியாகிய ரேச்சல் பாட்லி அம்மையின் ஆதரவும் இவர்க்கு வாய்த்தது. ஆங்குள்ள கடுங்குளிரும் பழகாத உணவும் இவர் மெல்லுடலை வாட்டின, க்ஷயரோகம் பற்றியது. எனினும் கல்வியைத் தளரவிட்டிலர். ஆரிய இந்துக்களின் பிரசவ வைத்தியம் பற்றி ஓர் ஆராய்ச்சி எழுதினார். 1886 மார்ச்சு 11-ஆம் நாள், இருபத்தொரு வயது நிரம்பச் சில நாளே இருக்க, டாக்டர் பட்டம் பெற்றார். பண்டித ரமாபாயும் அவ்விழாவிற்கு வந்திருந்தார்.

கோல்ஹாப்பூர் ஆல்பர்ட் எட்வர்ட் வைத்தியசாலையில் மாதர் பகுதிக்குத் தலைமை ஏற்குமாறு அழைப்பு வந்தது. 1886-இன் இறுதியில் தாய்நாடு மீண்டார். கடல் கடந்தமைக்காக ஒதுக்குவர் என அஞ்சியிருக்க, மக்கள் மகிழ்ந்து வரவேற்றனர். ஆயின் முற்றிய நோய் அவரைப் பதவியேற்க விடவில்லை. 1887 பிப்ரவரி 26-ஆம் நாள் புனாவில் உயிர் நீத்தார். இருபத்திரண்டாம் ஆண்டு நிறைவெய்தவில்லை. தாம் கற்ற வைத்தியத்தை நோயாளர்க்குப் பயன்படுத்தவும் காலம் இடந்தரவில்லை.

அவர்தம் அஸ்தி கார்ப்பென்டர் அம்மைக்கு அனுப்பப்பெற்றது. அவள் அதனை நியூயார்க்கு நாட்டுப் பொகீப்ஸியில் தன் குடும்பத்தார்க்குரிய கல்லறை நிலத்திலே வைத்து, நினைவுக்கல்லும் நாட்டுவித்தாள். தன் குடும்பத்து மாந்தர் துயிலும் இடத்தில் வேற்று நாட்டு, வேற்று மதத்துப் பெண்ணுக்கும் இடம் அளித்தாள் என்றால், விருந்தினளாக அன்று, மகளாகவே அவளைக் கருதினாள் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நோயாளி ஒருவர்க்கேனும் நெடுநாள் மருந்தளிக்காது மாய்ந்தாரே, இவர் கல்வியால் விளைந்த பயன் யாது எனச் சிலர் வினவக்கூடும். பெண் ஒருத்தி சென்று கற்று மீளல் கூடும் என்பதை நாட்டார் கண்ணாரக் கண்டனரே, அதுவே பயன் என்போம். முதலில் வழி வகுத்தார் இறுதிவரை நடவாராயினும், பின் வருவார்க்கு அவ்வழி உளதன்றோ?

சங்கத்து அன்பர்களே! நம் சிறுவரும் சிறுமியரும் கல்வியின் பொருட்டு வெளியூர்க்கும் வெளிநாட்டிற்கும் செல்கின்றனர். அவர்க்கு ஆங்கு நல்லதோர் இல்லம் வாய்க்க வேண்டுமென்று வேண்டுகின்றோம். அங்ஙனமே, நம் ஊருக்குக் கற்க வரும் பிறர் மக்கட்கு நம் இல்லக் கதவு திறந்துள்ளதா என்பதையும் எண்ணல் வேண்டும். குலமும் மதமும் வினவாது இடம் தந்தாள் கார்ப்பென்டர் அம்மை. நம்மவர் பிள்ளை என்றால் மட்டும் சோறிடுவோம் எனில், அவ்வம்மை முன் நாம் சிறியராவோம். ஓர் அறையும் ஒருவேளை உணவும் பரிவோடு கூறும் ஒரு சொல்லும் அளிக்க வல்லோர் நம்முள் பலர் உளர். அவர் அதனைச் செய்வாராயின், அதுவே ஆனந்திபாய் அம்மையார்க்கு நாம் செய்யும் நன்றிக்கடன்.