பெர்லின் நகரை ஆண்ட பெண்மணி

இரண்டாம் உலகப் போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஹிட்லரின் பெயரும் சில ஆண்டுகளும்தான். 1939-இல் தொடங்கியது, 1945-இல் ஜெர்மனி சரணடைந்தது என்று எழுதினால் பரீட்சைக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் சரணடைந்த மறுநாள் அந்த ஊர்களில் அடுப்பு எரிந்ததா, குழந்தைகள் என்ன சாப்பிட்டார்கள், இடிந்த நகரத்தை யார் நிர்வகித்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. இடிந்து கிடந்த பெர்லினை ஒன்றரை ஆண்டு நிர்வகித்தவர் ஒரு பெண் என்று அறிந்தபோது வியப்படைந்தேன். அவரே லூயிசே ஷ்ரோடர் அம்மையார்.

இவர் 1887-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் அல்தோனா என்ற ஊரில் பிறந்தார். இன்று ஹாம்பர்க் மாநகரின் ஒரு பகுதியாக இருக்கும் அல்தோனா அக்காலத்தில் தனி நகரம். தந்தை கட்டடத் தொழிலாளி. தாய் சிறிய காய்கறிக் கடை நடத்தினார். பல பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் கடைக்குட்டி நம் லூயிசே. மேலே படிக்க வசதி இல்லாததால், பெண்களுக்கான தொழிற்பள்ளியில் பயின்று ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தார்.

தந்தை சமூக ஜனநாயகக் கட்சியில் ஈடுபாடு கொண்டவர். மகளையும் கூட்டங்களுக்கு அழைத்துச் செல்வார். அந்த நாட்டில் 1908 வரை பெண்கள் அரசியல் கட்சியில் சேர்வதையே சட்டம் தடுத்தது! தடை நீங்கிய பின் 1910-இல் லூயிசே கட்சி உறுப்பினரானார். முதல் உலகப் போரின் முடிவில், 1918-இல், ஜெர்மனியில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் நடந்த தேர்தலில் தேசிய சபைக்குத் தேர்வான 37 பெண்களுள் இவரும் ஒருவர். அப்போது வயது 31. பின்னர் 1920 முதல் 1933 வரை ரைக்ஸ்டாக் என்ற பாராளுமன்றத்தில் தொடர்ந்து உறுப்பினராக இருந்தார்.

காய்கறிக் கடையில் ஓய்வின்றி உழைத்த தாயைப் பார்த்து வளர்ந்தவரல்லவா? ஆலைகளில் வேலை செய்யும் கர்ப்பிணிப் பெண்களுக்காகவே சபையில் அதிகம் பேசினார். 1927-இல் வந்த சட்டம் பிரசவத்திற்கு முன்னும் பின்னும் ஆறு வாரம் வேலைக்கு வராமலிருக்க உரிமை தந்தது. அக்காலத்தில் அவர்களை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது என்றது. அதற்காக உழைத்தவர்களுள் அம்மையாரும் முக்கியமானவர். ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு உதவ 1919-இல் தோன்றிய தொழிலாளர் நல அமைப்பின் தொடக்கத்திலும் இவருக்குப் பங்குண்டு. அவ்வமைப்பு இன்றும் ஜெர்மனியில் பணியாற்றி வருகிறது.

1933 மார்ச் 23-ஆம் நாள் வந்தது. பாராளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லர் கேட்டார். மண்டபத்திற்குள்ளேயே அவருடைய படையினர் சீருடையில் நின்றனர். கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் வரவே முடியவில்லை. பலர் சிறையில் இருந்தனர். ஆதரவாக விழுந்த வாக்குகள் 444. எதிராக 94 மட்டுமே. அந்த 94-உம் சமூக ஜனநாயகக் கட்சியினருடையவை. அவற்றுள் ஒன்று லூயிசே அம்மையாருடையது. தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும் எழுந்து சென்று வாக்களிக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

அதன் பிறகு கட்சி தடைசெய்யப்பட்டது. பதவியும் வருமானமும் போயின. போலீஸ் நிலையத்தில் தவறாமல் ஆஜராக வேண்டிய கட்டாயமும் வந்தது. பிழைப்புக்காக அம்மையார் தம் ஊரில் ஒரு ரொட்டிக் கடை நடத்தினார். இவர் வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்ட இடம் இதுவே. அக்காலத்தில் கடைக்கு வருபவரும் கடைக்காரரும் ஹிட்லர் பெயரைச் சொல்லி வணங்குவது வழக்கம். இவர் சொல்ல மறுத்தார். வியாபாரம் குறைந்தது. ஒரு சொல்தானே, சொல்லிவிட்டு ரொட்டியை விற்றிருக்கலாமே என்று நம்மில் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. 1938-இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்து ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்தார். போர்க்காலத்தில் குண்டுவீச்சில் ஒரு முறைக்கு மேல் வீட்டை இழந்தார்.

போர் முடிந்தபின் பெர்லினை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, சோவியத் ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளும் பங்கிட்டு ஆண்டன. 1946 டிசம்பரில் அம்மையார் துணை மேயர்களுள் ஒருவரானார். மேயர் சில மாதங்களிலேயே விலகவே, 1947 மே 8 முதல் இவரே பொறுப்பு மேயர். ஜூன் 24-இல் நகர சபை எர்ன்ஸ்ட் ராய்ட்டர் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் சோவியத் அதிகாரிகள் அவரை ஏற்கவில்லை. ஆகவே சில வாரங்களுக்கென்று ஏற்ற சுமையை அம்மையார் 1948 டிசம்பர் வரை சுமக்க நேர்ந்தது. வயது அறுபது, உடலும் நலிந்திருந்தது. ரேஷன், நிலக்கரி, வீடற்றோர், பெற்றோரை இழந்த பிள்ளைகள், இவையே அவருடைய அன்றாட அலுவல்.

1948-ஆம் ஆண்டு அதே ஜூன் 24-இல் மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் சாலை, இரயில், நீர்வழி அனைத்தையும் சோவியத் தரப்பு அடைத்தது. மேற்குப் பகுதியில் புதிய நாணயம் வந்ததையொட்டி எழுந்த சச்சரவு அது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நடுவில் அகப்பட்டுக்கொண்டனர். மாவு, பால்பவுடர், நிலக்கரி எல்லாம் விமானத்தில் வந்திறங்கின. சாமான்களில் பெரும்பகுதி நிலக்கரிதான் என்பதை அறிந்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பிறகு வருத்தமும் வந்தது; ஆகாயத்தில் கரியைச் சுமந்து வரும் நிலை எந்த ஊருக்கும் வரக்கூடாது. மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரமே. முற்றுகை 1949 மே 12-இல் நீங்கியது; உதவி விமானங்கள் மொத்தம் 2,70,000 தடவைக்கு மேல் பறந்தன. இடையில் 1948 ஆகஸ்டில் அம்மையார் நோயுற்றதால் பிரீடன்ஸ்பர்க் என்ற மற்றொரு துணை மேயர் சில மாதம் பொறுப்பைக் கவனித்தார். டிசம்பர் 7-இல் ராய்ட்டர் மேயரானதும் அம்மையார் மனம் கோணாமல் மீண்டும் துணை மேயராகப் பணியாற்றினார்.

1949 முதல் மேற்கு ஜெர்மனியின் பாராளுமன்றத்திலும் அமர்ந்தார். 1952-இல் தாய்மார் பாதுகாப்புச் சட்டம் விரிவாக நிறைவேறியபோது அவர் அச்சபையில் இருந்தார். கால் நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய வேலை அது.

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெர்லின் மக்கள் அவரைத் தங்கள் தாயாகவே கருதினர். 1957 ஏப்ரல் 2-இல், எழுபதாம் பிறந்த நாளன்று, நகரின் கௌரவக் குடிமகள் என்ற சிறப்பு அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் பெண் அவரே. இரண்டு மாதம் கழித்து ஜூன் 4-ஆம் நாள் பெர்லினில் காலமானார்.

அவருக்குப் பின் அந்த நகரின் தலைமைப் பதவியில் இன்னொரு பெண் அமர்ந்தது 2021 டிசம்பரில்தான். எழுபத்து மூன்று ஆண்டுகள்!