ஆர்.கே. சேகர்: திரைக்குப் பின்னால் ஓர் இசைக்கலைஞர்



போன ஆண்டு விழாவுக்கு நம்ம பசங்க ஒரு கீபோர்டை நாள் வாடகைக்கு எடுத்து வந்தது ஞாபகம் இருக்கும். பாடினவனுக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்டுக் கத்தினோம். கீபோர்டு வாசிச்சவன் பேரு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. அப்படிப் பேர் தெரியாமலே வாசித்து முடித்த ஒரு பெரிய மனிதரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன்.

ஏ.ஆர். ரஹ்மானின் அப்பா என்றால் உடனே புரியும். 1933-ல் பிறந்த தமிழர். ஆனால் வாழ்வு தந்தது மலையாளப் படவுலகம். 1964-ல் 'பழசிராஜா' படத்துக்கு இசையமைத்தார். அதில் யேசுதாஸ் பாடிய 'சொட்ட முதல் சுடல வரெ' கேரளா முழுக்க ஒலித்தது. நம்ம 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' மாதிரிதான் அந்தத் தலைப்பு. அதே வருஷம் 'ஆயிஷா'வும் வந்தது.

இவ்வளவு நல்ல தொடக்கம் கிடைத்தவருக்கு அப்புறம் படங்கள் குவிந்திருக்க வேண்டும் அல்லவா? குவியவில்லை. 1971-ல் 'அநாத சில்பங்கள்' வரும் வரை பெரும்பாலும் மற்றவர்களின் பாட்டுக்குத்தான் உழைத்தார். தேவராஜன், எம்.கே. அர்ஜுனன் போன்றவர்கள் மெட்டுப் போடுவார்கள். அந்த மெட்டுக்கு முன்னிசை, இடையிசை சேர்த்து, எந்த இடத்தில் வயலின், எந்த இடத்தில் புல்லாங்குழல் என்று நொட்டேஷன் எழுதி, ரெக்கார்டிங்கில் முன்னால் நின்று நடத்துவது சேகர். நம்ம பாஷையில் சொன்னால், மண்ணைக் கலந்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு எடுப்பது ஒருவர். சாமானுக்கு அடியில் முத்திரை இன்னொருவருடையது. இது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அவர் அதையும் முழு மனசோடு செய்தார் என்றுதான் கூட வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே நாளில் பல ஸ்டூடியோக்கள். எலக்ட்ரானிக் வாத்தியங்கள் அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில், சம்பாதித்ததில் அவற்றையும் வாங்கிச் சேர்த்தார். உடம்பு தாங்கவில்லை. நோயில் விழுந்து, 1976 செப்டம்பர் 30-ல் காலமானார். வயசு 43. மகன் திலீப்புக்கு (அதுதான் ரஹ்மானின் அப்போதைய பெயர்) 9 வயசு. கூட மூணு பெண் பிள்ளைகள்.

வீட்டில் மிஞ்சியது அந்த வாத்தியங்கள்தான். வித்துட்டு வட்டியில் சாப்பிடுங்கள் என்று சிலர் யோசனை சொன்னார்களாம். அம்மா விற்கவில்லை, பையன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்று வைத்துக்கொண்டார். அவை வாடகைக்குப் போய் வந்தன. அந்த வாடகையில்தான் அடுப்பு எரிந்தது. அப்பாவின் நண்பர் அர்ஜுனன் பிற்பாடு பையனைக் கூப்பிட்டுக் கீபோர்டு வாசிக்க வைத்தார். 1992-ல் 'ரோஜா'. 2009-ல் இரண்டு ஆஸ்கார். அதெல்லாம் எல்லோரும் அறிந்தது.

இந்த அம்மா கதையைப் படித்தபோது என்னால் அடுத்த பக்கம் போக முடியவில்லை. எங்கப்பா பொம்மைப் பட்டறையில் அச்சு வார்க்கிறவர். நான் எட்டாவது படிக்கும்போது போய்ட்டார். விட்டுட்டுப் போனது 15 பிளாஸ்டர் அச்சு. கேட்டு வந்தவங்களுக்கு அம்மா கொடுக்கலை. பொம்மைக்கு வர்ணம் தீட்டும் கூலியில்தான் என்னை இந்த டிப்ளமோ வரைக்கும் கொண்டுவந்திருக்கு. எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டினது நான்தான். வாத்தியம் மாதிரி இல்லை அச்சு, வார்க்க வார்க்கத் தேஞ்சுபோகும். நாலு ஏற்கெனவே தேஞ்சுபோச்சு. மிச்சம் 11 எங்க வீட்டுப் பரண் மேல இருக்கு. இந்த வருஷம் பிராக்டிகலில் ஒண்ணையாவது வார்த்துப் பார்க்க சார்கிட்ட அனுமதி கேட்டிருக்கேன்.