இறந்த பின்னும் கொடுத்தவர்: வள்ளல் சீதக்காதி

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி வழியாகப் போனால், கண்மாய்களும் கருவேல மரங்களுமாக நீளும் வறண்ட பூமி கடைசியில் கீழக்கரைக் கடலைத் தொடுகிறது. தெற்கே பந்தல்குடி வழியாகப் போனால் கரிசல் காட்டில் எட்டயபுரம் வருகிறது. கீழக்கரை வணிகர் ஒருவரும் எட்டயபுரத்துப் புலவர் ஒருவரும் சேர்ந்ததால் நம் சமுதாயத்துக்குக் கிடைத்ததுதான் சீறாப்புராணம். அந்த வணிகரை இன்று நினைவுகூர்வோம்.

ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது அவர்களின் பெயர். அதுவே மக்கள் நாவில் சீதக்காதி ஆனது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களுடைய மரக்கலங்கள் துணியும் அரிசியும் மிளகும் ஏற்றிக் கடல் கடந்து சென்றன. இந்தக் கடற்கரை வணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவர முயன்ற டச்சுக்காரர்கள் தம் ஆவணங்களில் பெரியதம்பி என்று குறிப்பிடுவது இவர்களைத்தான்.

இராமநாதபுரத்தை அப்போது ஆண்டவர் கிழவன் சேதுபதி. அவருக்கு நெருங்கிய ஆலோசகராக இருந்த மரைக்காயருக்கு விஜயரகுநாத என்ற அரசப் பட்டமும் கிடைத்தது. செல்வமும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தால் அந்தக் கை பிறரை நசுக்குவதைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். இவர்களோ பஞ்ச காலத்தில் அன்னம் கொடுத்தார்கள். அந்தக் கொடையைப் பாடியவர் படிக்காசுப் புலவர், ஒரு சைவர். வள்ளலின் பெயரால் எழுந்த நொண்டி நாடகத்தில், திருடித் தண்டனை பெற்றுக் கால் இழந்தவனுக்கும் அவர்கள் ஆதரவு தந்து மக்காவுக்கு அனுப்பிவைக்கிறார்கள். தண்டிக்கப்பட்டவனுக்கும் ஒரு வழி காட்டுபவராகவே மக்கள் அவர்களைக் கண்டார்கள்.

எட்டயபுரம் அரண்மனைப் புலவராக இருந்த உமறுப்புலவர், கரிசல் மண்ணின் நாகலாபுரத்தில் 1642இல் பிறந்தவர். தமிழில் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடும்படி அவரைத் தூண்டி ஆதரித்தவர் சீதக்காதி. வரலாற்றுச் செய்திகள் அரபியில் இருந்தன. வள்ளலின் காலத்தில் கீழக்கரையில் வாழ்ந்த மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் புலவர் போனார் என்றும், பின்னர் பரங்கிப்பேட்டை ஆலிம் ஒருவர் அவற்றை விளக்கித் தந்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நூல் முடியும் முன்பே வள்ளல் வஃபாத்தானார்கள். பரங்கிப்பேட்டை வணிகர் அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றார். மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உருவாயின.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். சீறாவில் புலவர் பல இடங்களில் வாழ்த்துவது அபுல் காசிமைத்தான். முதலில் வித்திட்ட சீதக்காதியின் பெயர் அதில் இல்லை.

நம் வீட்டு நன்னிமார் சொன்ன கதை ஒன்று உண்டு. உதவி கேட்டு வந்த புலவர், வள்ளல் அடக்கமான செய்தி கேட்டுக் கப்ரருகே அழுதாராம். மண்ணிலிருந்து கை வெளியே வந்து மோதிரத்தைக் கொடுத்ததாம். பிள்ளைகள் இன்று இது நடந்ததா என்று நம்மிடம் கேட்கிறார்கள். அவர்களை அதட்ட வேண்டாம். அது மக்கள் அன்பால் கட்டிய கதை என்று சொல்லிவிட்டு, கதையை விடப் பெரிய உண்மையைக் காட்டுவோம்.

மனிதன் மரணித்ததும் அவனுடைய அமல்கள் நின்றுவிடும், மூன்றைத் தவிர என்று நபிகளார் (ஸல்) கற்றுத் தந்தார்கள். நிலையான தர்மமும் பயன் தரும் கல்வியும் அவற்றில் அடங்கும். மற்றொன்று துஆச் செய்யும் பிள்ளை. சீறா 1842இல் அச்சேறியது. அதற்குப் பின் எத்தனை இல்லங்களில், எத்தனை பேர் அதைக் கேட்டு நபியவர்களின் வரலாற்றை அறிந்திருப்பார்கள்! கப்ரிலிருந்து நீண்ட கை அதுதான். அதில் மோதிரம் தேவையில்லை.

இன்று திருமண விருந்துக்கு இலட்சங்களைக் கொட்டுகிறோம், கொடுக்கும் மின்விசிறியிலும் நம் பெயரை எழுதுகிறோம். ஒரு மாணவனின் படிப்புக்கு, ஒரு நூல் வெளிவருவதற்கு, பெயர் எதிர்பாராமல் நம்மில் எத்தனை பேர் கொடுக்கிறோம்? தாம் தாங்கிய நூலில் பெயர் இல்லாதவரைத்தான் முந்நூறு ஆண்டுகளாகத் தமிழகம் மறக்கவில்லை. நம் பெயரை எங்கே பதிய வேண்டும் என்பதை அல்லாஹ்விடம் விட்டுவிடுவோம்.

அவர்களின் மண்ணறையை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. நம் பொருளிலும் பரக்கத் செய்து, அதைக் கொடுக்கும் மனதையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.