இரும்புக்குள்ள என்ன இருக்கு? மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்த ஹென்றி சோர்பி யார்?

கத்தி முதல் டிரான்ஸ்பார்மர் தகடு வரை, உலோகம் பெரும்பாலும் குட்டிக் குட்டிப் படிகங்கள்தான். எஃகில் அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொன்ன முன்னோடி, ஹென்றி கிளிஃப்டன் சோர்பி.

1826-ல் இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் பிறந்தார். கல்லூரிப் பட்டம் கிடையாது. குடும்பச் சொத்து இருந்ததால் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்தார். பாறையை மெல்லிசாகத் தேய்த்து ஆராய்ந்தபோது, மலையைப் போய் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறாரே என்று கேலி பண்ணாங்க.

அவர் நிறுத்தல. 1863-ல் எஃகை மெருகேற்றி, அமிலத்தில் நனைத்துப் பார்த்தார். உள்ளே படிகங்கள்! அடுத்த ஆண்டே அறிவித்தும், சுமார் 20 வருஷம் பெரிசா யாரும் கண்டுக்கல.

1887-ல் விரிவாக எழுதினார். சூடாக்காமல் இரும்பை நசுக்கினால் படிகங்கள் நீண்டு போகும், இரும்பு விறைக்கும். பிறகு சூடாக்கினால் அதே இடத்தில் புதுப் படிகங்கள் முளைக்கும், இரும்பு இளகும். இந்தப் பக்குவம்தான் 'அனீலிங்'.

சோர்பி 1908-ல் மறைந்தார். 1934-ல் அமெரிக்காவின் நார்மன் காஸ், சிலிக்கான் எஃகை உருளைகளில் நசுக்கி, சூடாக்கி, படிகங்களை ஒரே திசையில் திருப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் திசையில் எஃகு சுலபமாகக் காந்தமாகும். அதனால்தான் டிரான்ஸ்பார்மரில் மின்சாரம் வீணாவது குறையுது. கேலிக்கு அவர் நிறுத்தியிருந்தால்?