மூச்சைப் படித்த மேதை

தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் உங்களில் எத்தனை பேர்? முதல் நாளே யாரும் மேட்டிலிருந்து குதிப்பதில்லை. இடுப்பில் சுரைக்குடுக்கையோ, டியூபோ கட்டி, மாமாவோ, சித்தப்பாவோ கயிற்றைப் பிடித்துக்கொள்ள, படியோரமாகத்தான் பழகத் தொடங்குவோம். நம்ம ஊர் பனியன் கம்பெனியிலும் அப்படித்தான். கைமடியாகச் சேர்ந்து, வேலை பழகிய பிறகே மெஷினில் உட்கார வைப்பார்கள்.

கடலுக்குள் மூச்சுக் கருவியோடு இறங்குபவருக்கு, இந்த ஒழுங்குதான் உயிரையே காக்கிறது. அது ஏன் என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த விஞ்ஞானி ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜே.பி.எஸ்.ஹால்டேன்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில், 1892ம் ஆண்டு நவம்பர் 5ம் தேதி பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சைப் பற்றி ஆராய்ந்தவர். நாம் மூச்சு வாங்கத் துடிப்பது, பெரும்பாலும் பிராண வாயு குறைவதால் அல்ல. உடம்பில் கரியமில வாயு கூடுவதால்தான் என்று 1905ல் கண்டறிந்தவர் இவரே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிறுவன் ஹால்டேனை, தந்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். மீத்தேன் வாயு தங்கிய இடத்தில் நிற்க வைத்து, ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பாதியிலேயே மூச்சிரைத்து, கால்கள் துவண்டு, கீழே விழுந்தான் சிறுவன். தரையருகே நல்ல காற்று இருந்ததால் தெளிந்து எழுந்தான். மீத்தேன் லேசானது, கூரையை ஒட்டியே தங்கும் என்ற பாடம் அவனுக்கு மறக்கவே இல்லை!

பதின்மூன்று வயதில், 1906ல், ஸ்காட்லாந்து கடலில் முக்குளிப்போர் உடை அணிந்து இறங்கினான். உடை பெரிது, உள்ளே குளிர்ந்த நீர் புகுந்து மார்பு வரை ஏறியது. பயந்தாலும் பதறவில்லை. காற்று வால்வைச் சரிசெய்தபடி தாக்குப்பிடித்து மேலே வந்தான்.

இனி, கருவியைப் பார்ப்போம். நாம் உள்ளே இழுக்கும் காற்றில் பிராண வாயு 21 சதவீதம். வெளியே விடும்போதும் சுமார் 16 சதவீதம் மீதமிருக்கும்! அதை வீணாக்காமல் ஒரு பையில் பிடித்து, கரியமில வாயுவைச் சுண்ணாம்பு கலந்த பொருளால் உறிஞ்சிவிட்டு, குறைந்த பிராண வாயுவைச் சேர்த்து மறுபடி சுவாசிக்கத் தருவதுதான், 'ரீபிரீதர்' கருவி. சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால் போல மாறும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதே வேலைதான்.

ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. கரியமில வாயுவைக் கருவி எடுத்துவிடுவதால், பிராண வாயு தீர்ந்தாலும் மூச்சு முட்டாது. எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும்.

கடந்த 1939 ஜூன் 1ல், 'தீட்டிஸ்' என்ற நீர்மூழ்கிக் கப்பல், லிவர்பூல் அருகே வெள்ளோட்டத்தின்போது மூழ்கியது. பின்பகுதி நீருக்கு மேலே தெரிந்தும், உள்ளே இருந்த 103 பேரில், 'டேவிஸ்' என்ற ரீபிரீதர் அணிந்து தப்பியவர்கள் நால்வர் மட்டுமே. இறந்த 99 பேரில் கப்பல் கட்டும் தொழிலாளர்களும் பலர். காரணத்தைக் கண்டறியும்படி தொழிற்சங்கங்கள் ஹால்டேனைக் கேட்டன.

அவர் இரும்பு அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டார். பிறகு, சில தொண்டர்களோடும் அமர்ந்தார். கரியமில வாயு கூடக் கூட, தலைவலியும், மூச்சிரைப்பும் வந்தன. அந்த நிலையில் கருவியை மாட்டினால் குமட்டல், வாந்தி! தாமதித்தால் கருவி இருந்தும் பயன்படுத்த உடம்பும், அறிவும் ஒத்துழைக்காது என்பது புரிந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, கடற்படை முக்குளிப்போருக்காக மேலும் சோதித்தார். ஆழத்தின் அழுத்தத்தில், சுத்தமான பிராண வாயுவே நஞ்சாகி வலிப்பைத் தரும். அப்படி வந்த ஒரு வலிப்பில் அவரது முதுகெலும்பே நொறுங்கியது. சுத்தப் பிராண வாயுவோடு சுமார் 6 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது, இன்று பொதுவான விதி.

அதனால்தான் இன்று ரீபிரீதர் பழக, முதலில் சாதாரண சிலிண்டரோடு முக்குளித்துத் தேற வேண்டும். பிறகு வகுப்புப் பாடம், நீச்சல் குளம், ஆழமில்லாத கடல் என்று படிப்படியாகப் பயிற்சி. ஒவ்வொரு வகைக் கருவிக்கும் தனிப் பயிற்சி உண்டு. எத்தனை முறை இறங்கியவராயினும், பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். மாற்று சிலிண்டரும் எடுத்துச் செல்வார். கற்றுத் தருபவர், அதே கருவியோடு பல மணி நேரம் நீரடியில் கழித்தவராக இருக்க வேண்டும்.

குழந்தைகளே, ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஹால்டேனின் சோதனைகளை நீங்கள் செய்துபார்க்கக் கூடாது. பாழுங்கிணற்றிலோ, கழிவுநீர்த் தொட்டியிலோ யாராவது மயங்கிக் கிடந்தால், காப்பாற்ற நீங்களும் இறங்காதீர்கள். பெரியவர்களையும் இறங்க விடாதீர்கள். உடனே 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். மூச்சுக் கருவியும், பயிற்சியும் உள்ளவர்கள் வருவார்கள்.

மரபியலில் பெரும் புகழ் பெற்ற ஹால்டேன், 1957ல் இந்தியா வந்து, கோல்கட்டாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்தியக் குடிமகனும் ஆனார். புவனேஸ்வரில், 1964 டிசம்பர் 1ல் மறைந்தார். அவர் விருப்பப்படி, உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. உடம்பையே பாடப் புத்தகமாக்கிக் கற்றவர், இறந்த பின்னும் மாணவர்களுக்குப் பாடமானார்!