சரணடைந்தவனுக்காகப் பேசிய வரலாற்றாசிரியர்

போரில் தோற்றுச் சரணடைந்த ஒரு தளபதியைப் பற்றி அரசவையில் நல்ல வார்த்தை சொன்னதற்காக, ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன்னர் சீனாவில் ஒரு வரலாற்றாசிரியருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சாவிலிருந்து தப்ப அவருக்கு எஞ்சியிருந்த வழி, ஆண்மை நீக்கத்துக்கு உடன்படுவது மட்டுமே. அவர் உடன்பட்டார். எழுதிக்கொண்டிருந்த நூல் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதே அவர் சொன்ன காரணம். அவருடைய பெயர் சிமா சியான்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் கிரேக்கத்தின் ஹெரோடோட்டஸைப் பற்றி எங்களுக்குச் சொன்னார்கள். சிமா சியானின் பெயரை யாரும் சொல்லவில்லை. கட்டுரைகளுக்காக வன்னிக்குப் போய்வரத் தொடங்கிய பிறகுதான், வெள்ளவத்தையில் என் அறையில் இருந்து அவரை வாசிக்கத் தொடங்கினேன். அங்கே நான் கேட்டுவந்த கதைகளுக்கும் அவருடைய கதைக்கும் இருந்த நெருக்கம் என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிமா சியான் கி.மு. 145 அளவில் மஞ்சள் ஆற்றங்கரையில் லோங்மென் என்ற இடத்தருகே பிறந்தார். தந்தை சிமா டான், ஹான் வம்சத்துப் பேரரசர் வூவின் அரசவையில் வானியலையும் பஞ்சாங்கத்தையும் ஆவணங்களையும் கவனித்த அதிகாரி. மகன் பத்து வயதிலேயே பழைய நூல்களைப் படிக்கத் தொடங்கினார். இருபது வயதில் நாடு சுற்றப் புறப்பட்டார். கவிஞர் சூ யுவான் மூழ்கி இறந்த ஆற்றைப் பார்த்தார். கன்பூசியஸின் ஊருக்குப் போனார். ஹான் வம்சத்தைத் தொடங்கியவர்களின் சொந்தக் கிராமங்களுக்குப் போய், அங்கிருந்த முதியவர்களிடம் பழைய கதைகளைக் கேட்டார். பின்னாளில் பெரிய பிரபுக்களான சிலர் தொடக்கத்தில் இறைச்சிக்கடைக்காரர்களாகவும் சிறு எழுத்தர்களாகவும் இருந்ததை அங்குதான் விசாரித்து அறிந்தார். இன்றைய சொல்லில் சொன்னால், அவர் களத்துக்குப் போன செய்தியாளர்.

கி.மு. 110இல் தந்தை சாகக் கிடந்தார். பேரரசர் தாய் மலையில் நடத்திய பெரும் வேள்விக்குத் தன்னை அழைத்துப் போகவில்லை என்ற மனவேதனை அவருக்கு. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் திட்டமிட்டிருந்த வரலாற்றை எழுதி முடிக்குமாறு அழுதபடி கேட்டார். இரண்டு ஆண்டுகளில் தந்தையின் பதவி மகனுக்கு வந்தது. கி.மு. 104இல் நாட்டின் பஞ்சாங்கத்தைத் திருத்தும் பணியில் பங்கெடுத்தார். வரலாற்றை எழுதும் வேலையும் அக்காலத்தில்தான் தொடங்கியது.

கி.மு. 99இல் லி லிங் என்ற தளபதி 5,000 காலாட்படை வீரர்களுடன் வடக்குப் புல்வெளிக்குள் நுழைந்தார். எதிரே சியோங்நு குதிரைப்படை. முதலில் 30,000 பேர் வந்தார்கள். பிறகு மேலும் 80,000 பேர் திரட்டப்பட்டார்கள். லி லிங்கின் படை சண்டையிட்டுக்கொண்டே நாட்கணக்காகப் பின்வாங்கியது. அம்புகள் தீர்ந்தன. உதவிக்கு எந்தப் படையும் வரவில்லை. எல்லைக்குத் திரும்பி வந்து சேர்ந்தவர்கள் 400 பேர் அளவுதான். லி லிங் சரணடைந்தார்.

வெற்றிச் செய்தி வந்துகொண்டிருந்தவரை அரசவையில் எல்லோரும் லி லிங்கைப் புகழ்ந்தார்கள். சரணடைந்த செய்தி வந்ததும் அதே வாய்கள் அவரைத் துரோகி என்றன. பேரரசர் சிமா சியானிடம் கருத்துக் கேட்டார். அவருக்கும் லி லிங்குக்கும் நட்பு இருந்ததில்லை. ஒன்றாக அமர்ந்து ஒரு கோப்பை மது அருந்தியதுகூட இல்லை. ஆனாலும் தான் அறிந்ததைச் சொன்னார். இவ்வளவு குறைந்த ஆட்களுடன் இவ்வளவு பெரிய படையை எதிர்த்து நின்றவன் சாதாரணமானவன் இல்லை, அவன் உயிரோடு இருப்பது நாட்டுக்குத் திரும்பவும் பயன்படவே இருக்கலாம் என்பது அவர் பேச்சின் சாரம்.

அந்தப் போரின் முதன்மைத் தளபதி பேரரசரின் அன்புக்குரிய மனைவியின் சகோதரர். லி லிங்கைப் பாராட்டுவது அந்த மைத்துனரைப் பழிப்பதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பேரரசரை ஏமாற்ற முயன்றார் என்று குற்றம் தீர்க்கப்பட்டது. பணம் கட்டித் தண்டனையிலிருந்து மீளச் சட்டத்தில் இடம் இருந்தது. அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. நண்பர்கள் யாரும் உதவிக்கு வரவில்லை. அவருக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

லி லிங்கின் குடும்பத்துக்கு நடந்தது இன்னும் கொடியது. அவர் எதிரிப் படைக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று பிடிபட்ட ஒருவன் சொன்னதாகத் தகவல் வந்தது. பேரரசர் அவருடைய தாயையும் மனைவி பிள்ளைகளையும் கொல்ல உத்தரவிட்டார். உண்மையில் பயிற்சி கொடுத்தவர் லி என்ற அதே குடும்பப் பெயர் கொண்ட வேறொருவர். சரிபார்க்காத ஒரு தகவல் ஒரு குடும்பத்தையே அழித்தது. லி லிங் திரும்பவேயில்லை. கி.மு. 74இல் அந்நிய மண்ணில் இறந்தார்.

இந்த இடத்தில் சிமா சியானின் முடிவை நம் மரபோடு வைத்துப் பார்க்கிறேன். சிறையில் தாமதமாகக் கிடைத்த தண்ணீரைக் குடிக்காமல் உயிர்விட்ட சேரன் கணைக்கால் இரும்பொறையை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டதற்காக வடக்கிருந்து இறந்த பெருஞ்சேரலாதனையும் படித்தோம். மானம் போனால் உயிர் வைத்திருக்கக் கூடாது என்பது நமக்குச் சிறு வயதிலேயே ஊட்டப்பட்ட பாடம். சிமா சியான் வாழ்ந்த சமூகமும் அப்படித்தான். அவருடைய நிலையில் இருந்த ஒரு கற்றவர் தற்கொலை செய்துகொள்வதையே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பெற்றோர் தந்த உடலைக் குறைப்பது முன்னோர்களுக்கே இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது.

அவர் அந்த இழுக்கை ஏற்றார். பிறகு அரண்மனைச் செயலாளர் பதவி கொடுக்கப்பட்டது. ஆண்மை நீக்கப்பட்டவர்கள் வகிக்கும் பதவி. அதிகாரமும் அவமானமும் சேர்ந்தே இருந்தன. பல ஆண்டுகள் கழித்து, மரண தண்டனைக்காகக் காத்திருந்த ரென் ஆன் என்ற நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நடந்ததை நினைக்கும்போதெல்லாம் முதுகு வியர்த்து உடை நனைந்துவிடுகிறது, வீட்டில் இருந்தால் எதையோ தொலைத்தவன்போல இருக்கிறேன், வெளியே போனால் எங்கே போகிறேன் என்றே தெரிவதில்லை என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். இன்று ஓர் உளவளத்துணையாளர் இதைப் படித்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார். சாவதற்குத் தனக்குத் துணிவு இல்லாமல் இல்லை, நெஞ்சில் இருப்பதை எழுதி முடிக்காமல் போய்விடுவதைத்தான் தாங்க முடியவில்லை என்பதே அந்தக் கடிதத்தின் மையம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் வேலை செய்யும் முன்னாள் போராளி ஒருவர் எனக்குப் பழக்கம். தடுப்பில் இருந்து வந்தவர். ஊரில் இருக்க ஏலாமல் கொழும்புக்கு வந்ததாகச் சொன்னார். இராணுவப் புலனாய்வாளர்கள் வந்து விசாரித்ததைவிட, சொந்தச் சனம் கேட்ட கேள்விதான் அவருக்கு வலித்தது. மற்றவர்கள் எல்லாம் போக, நீ மட்டும் எப்படி உயிரோடு வந்தாய் என்ற கேள்வி. அரச கணக்கின்படி ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்கூடாக வெளியே வந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் இந்தக் கேள்வியோடுதான் வாழ்கிறார்கள். சரணடைந்தவனைத் துரோகி என்று சொல்வதற்கு முன் அவன் நின்ற இடத்தைப் பாருங்கள் என்று ஓர் அரசவையில் எழுந்து சொன்ன மனிதரை அவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிமா சியான் எழுதி முடித்த நூலின் பெயர் ஷிஜி. வரலாற்றாளனின் பதிவுகள் என்று பொருள் கொள்ளலாம். 130 அத்தியாயங்கள், 526,500 எழுத்துகள். எல்லாம் மூங்கில், மரச் சீவல்களில் கையால் எழுதப்பட்டவை. சீன மரபின் தொடக்க அரசர்களிலிருந்து தன் காலம் வரை 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு. அரசர்களுக்கு 12 அத்தியாயங்கள். தனி மனிதர்களுக்கு 70. அந்த 70இல் தளபதிகளோடு வணிகர்கள், மருத்துவர்கள், நகைச்சுவையாளர்கள், கொலையாளிகள்கூட வருகிறார்கள்.

யாரை எங்கே வைத்தார் என்பதில்தான் அவருடைய துணிவு தெரிகிறது. ஹான் வம்சத்தைத் தொடங்கிய லியு பாங்கிடம் தோற்று இறந்தவர் சியாங் யூ. ஹான் பேரரசரின் சம்பளத்தில் இருந்துகொண்டே, தோற்ற சியாங் யூவின் வாழ்க்கையைப் பேரரசர்களின் வரிசையில் வைத்தார். சின் பேரரசுக்கு எதிராகக் கி.மு. 209இல் முதலில் கிளர்ந்த கூலி விவசாயி சென் ஷெயைப் பிரபுக் குடும்பங்களின் வரிசையில் வைத்தார். வென்ற லியு பாங் தப்பியோடும்போது தேரின் பாரத்தைக் குறைக்கச் சொந்தப் பிள்ளைகளையே கீழே தள்ளியதையும் எழுதினார்.

தோற்றவர்களின் பிழைகளையும் அவர் மறைக்கவில்லை. சரணடைந்த 200,000 சின் வீரர்களைச் சியாங் யூ கொன்று புதைத்ததை எழுதியிருக்கிறார். தோல்விக்கு வானத்தைக் குறை சொன்ன சியாங் யூ, தன் தவறுகளைப் பார்க்கத் தவறினார் என்று கண்டித்தும் இருக்கிறார். நம்முடைய போரை எழுதுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். நமக்குச் செய்யப்பட்டதை எழுதும் அதே கையால், நம்மவர்கள் செய்ததையும் எழுதினால்தான் பதிவு நிற்கும்.

சரணடைந்தவர்களைக் கொல்வது அந்த நூலில் திரும்பத் திரும்ப வருகிறது. லி லிங்கின் தாத்தா லி குவாங் புகழ்பெற்ற தளபதி. கடைசிவரை பிரபுப் பட்டம் கிடைக்கவில்லை. ஏன் என்று ஒரு சோதிடரிடம் கேட்டபோது, சரணடைந்த 800 பேரைத் தான் ஏமாற்றிக் கொன்றது இன்னும் உறுத்துவதாகச் சொல்கிறார். அதைவிடப் பெரிய கேடு இல்லை என்பதே பதில். கி.மு. 260இல் சாங்பிங் போருக்குப் பின், சரணடைந்த ஜாவோ நாட்டு வீரர்களைச் சின் தளபதி பாய் சி கொன்று புதைத்தார். மொத்தம் 400,000 பேர் என்றும், வயதில் மிகச் சிறிய 240 பேர் மட்டும் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்றும் ஷிஜி சொல்கிறது. பின்னர் அரசன் வாளை அனுப்பித் தற்கொலை செய்யச் சொன்னபோது, அந்தக் கொலைகளுக்காகவே தான் சாகத் தகும் என்று பாய் சி ஒப்புக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார்.

400,000 என்ற தொகை மிகை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் 1995இல் வட சீனாவின் காவோபிங் அருகே யொங்லு என்ற கிராமத்தில் குழிகள் தோண்டப்பட்டபோது, அந்தப் போரில் இறந்தவர்களின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. ஏறத்தாழ 2,250 ஆண்டுகள் கழித்து, எழுத்தும் மண்ணும் ஒரே இடத்தைக் காட்டின. செம்மணியிலும் கொக்குத்தொடுவாயிலும் குழிகளின் ஓரத்தில் நின்ற தாய்மாரைப் பார்த்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மண் எலும்பைக் கொடுக்கும். அது யாருடைய எலும்பு, எந்த நாளில், யாரிடம் கையளிக்கப்பட்ட பிள்ளை என்பதைச் சொல்ல எழுத்து வேண்டும்.

அத்தகைய எழுத்துக்கு முன்னரே உயிர் கொடுத்தவர்களையும் அவர் மறக்கவில்லை. கி.மு. 548இல் சி என்ற சிற்றரசில், அமைச்சர் சுய் ஜூ தன் மன்னனைக் கொல்வித்தார். அமைச்சர் மன்னனைக் கொன்றார் என்று அரசவை வரலாற்றாளர் எழுதினார்; கொல்லப்பட்டார். அவருடைய தம்பி அதையே எழுதினார், அவரும் கொல்லப்பட்டார். கடைசித் தம்பியும் அதையே எழுதினார். அமைச்சர் அவரை விட்டுவிட்டார். ஊடகவியலாளர்களைச் சுட்டும் கடத்தியும் வாய் அடைக்கலாம் என்று நம்பியவர்கள் வாழ்ந்த நாட்டில் இருந்து இதைப் படிக்கும்போது, அந்தக் கடைசித் தம்பியைப் பற்றியே அதிகம் யோசிக்கிறேன்.

சிமா சியான் எப்போது, எப்படி இறந்தார் என்று எந்தப் பதிவும் இல்லை. எல்லோருடைய முடிவையும் எழுதியவரின் முடிவை யாரும் எழுதவில்லை. ஆனால் நூல் தப்பியது. அதில் இரண்டு பிரதிகள் செய்ததாக அவரே சொல்கிறார். ஒன்று தலைநகரில், மற்றொன்று மலையில் மறைத்து வைக்க. பேரரசர் வூ இறந்து பல ஆண்டுகள் போன பின்னர், மகள் வழிப் பேரன் யாங் யுன் அந்த நூலை வெளியே கொண்டுவந்தார். அந்தப் பேரனும் கி.மு. 54இல், தான் எழுதிய ஒரு கடிதத்துக்காகக் கொல்லப்பட்டார்.

இந்த இரண்டு பிரதிகள் என்ற சிறிய செய்தியைத்தான் வாசகர்கள் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்று விரும்புகிறேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் போயின. இன்று நம் வீடுகளில் உள்ள முறைப்பாட்டுத் துண்டுகள், முகாம் அட்டைகள், படங்கள், யாரை எந்த நாளில் எங்கே கடைசியாகக் கண்டோம் என்று எழுதி வைத்த கொப்பிகள் பெரும்பாலும் ஒற்றைப் பிரதிகள். அவற்றை வைத்திருக்கும் தாய்மார் பலர் தேடலின் நடுவிலேயே இறந்துபோகிறார்கள். எழுதாதவர்கள் எழுதுங்கள், எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். இன்னொன்றை வேறோர் ஊரில், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.